டுடே நிகழ்ச்சியில் 'தி கலர் பர்ப்பிள்' குழு பாடிய முழு ஒளிப்பதிவு எங்கே கிடைக்கும்?

பகல்நேர நிகழ்ச்சிகளில் பாடுகிறவர்களுக்கென்று அமெரிக்காவில் டேடைம் எம்மி என்ற தொலைக்காட்சி விருதுகளில் ஒரு பிரிவு இருந்தது, இப்போது அது இல்லை. அதை வென்ற பாடல்களைத் தொகுத்து வருகிறேன். 2017-இல் வென்ற பதிவில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

விவரம்: பிராட்வே (நியூயார்க்கின் நாடக அரங்குப் பகுதி) இசை நாடகமான 'தி கலர் பர்ப்பிள்' குழு, என்பிசி தொலைக்காட்சியின் டுடே என்ற காலை நிகழ்ச்சியில், நியூயார்க்கில், 2016-இல் பாடியது. அதில் முதன்மை வேடத்தில் நடித்த சிந்தியா எரிவோவுக்கு எம்மி வந்தது இதற்காகத்தான். அதே நாடகத்துக்காக டோனி (நாடக விருது), கிராமி (இசை விருது) இரண்டும் அவருக்குக் கிடைத்தன, அதனால் இந்தப் பதிவு எனக்கு ரொம்ப முக்கியம்.

யூடியூபில் வெவ்வேறு சொற்களைப் போட்டுத் தேடிவிட்டேன். கிடைப்பதெல்லாம் துண்டு துண்டாக இருக்கிறது. ஒன்றில் தொலைக்காட்சித் திரையையே கைபேசியில் பிடித்திருக்கிறார்கள், குரல் உச்சிக்கு ஏறும் இடத்தில் ஒலி கரகரத்து, குழுவினர் சேர்ந்து பாடத் தொடங்கும்போது சட்டென்று அறுந்துபோகிறது. டுடேயின் இணையதளத்தில் பழைய இணைப்பு ஒன்று இருந்தது, அழுத்தினால் காணொளி ஓடவில்லை. இணைய ஆவணக் காப்பகத்தில் பக்கம் இருக்கிறது, படம் இல்லை. நாடகத்தின் இசைத்தட்டு கையில் இருக்கிறது, ஆனால் அது வேறு, விருது வாங்கியது காலை நிகழ்ச்சியில் நேரில் பாடியதற்கு. 2018-இல் வென்ற 'டியர் இவான் ஹேன்சன்', 2019-இல் வென்ற 'தி பேண்ட்ஸ் விசிட்' இரண்டும் கிடைத்துவிட்டன.

அந்த 2016 பதிவை முழுதாக, நல்ல ஒலியோடு, அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர் பார்க்க ஏதாவது வழி உண்டா?