கேந்தி இலையில் கோலம் போட்டது எந்த ஈ?

வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் வீட்டுக் கேந்தி (செண்டுமல்லி) செடிகளில் இலைதோறும் வெள்ளைக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடுகின்றன. இலைக்குள் புழு குடைந்து தின்னும் இலைத் துளைப்பான் ஈதான். எந்த இனம் என்பதில் குழப்பம். தக்காளியில் வழக்கமாக வரும் லிரியோமைசா டிரைஃபோலியின் புழு (அமெரிக்காவிலிருந்து வந்த விருந்தாளி) முற்றியதும் பெரும்பாலும் மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். இங்கேயோ கூட்டுப்புழு இலைக்குள்ளேயே புடைத்துக் கிடக்கிறது. அதனால், இலைக்குள்ளேயே கூட்டுப்புழுவாகும் இன்னொரு இனமான குரோமடோமையா ஹார்டிகோலாவோ என்று சந்தேகப்படுகிறேன்.

இலைகளைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து வைத்ததில் இரண்டு ஈக்களும் ஒரு பொடிக் குளவியும் வெளிவந்தன. ஈயின் புழுவைத் தின்று வளரும் குளவி நம் கூட்டாளி. ஆகவே மருந்து அடிக்கவில்லை, பக்கத்து வீட்டு அண்ணாச்சி முறைத்தாலும்.

ஆண் ஈயின் பிறப்புறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் இனம் உறுதியாகும். திருநெல்வேலி, தென்காசி வட்டாரத்தில் அப்படிப் பார்த்துச் சொல்லக்கூடியவர் யாராவது இருக்கிறீர்களா? ஈக்களை ஸ்பிரிட்டில் போட்டு வைத்திருக்கிறேன். நேரில் கொண்டுவந்து தருகிறேன்.