கெராங் சிப்பியில் நுண்நெகிழி: நுண்ணோக்கியில் எண்ணினால் போதுமா?

ஜூரு மாணவன்:
வணக்கம். மீனின் குடலை நீக்கிவிட்டுச் சமைக்கிறோம். கெராங்கை முழுதாகவே உண்கிறோம். எனவே இறுதியாண்டு ஆய்வுக்காக, பினாங்கின் கோலா ஜூரு சேற்றுக்கரையின் சிப்பிகளிலும் அவை புதைந்திருக்கும் சேற்றிலும் உள்ள நுண்நெகிழியை, அதாவது மிகச் சிறிய பிளாஸ்டிக் துகள்களை, அளக்க விரும்புகிறேன். சதையை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து வடிகட்டி, வடிதாளில் தங்கும் துகள்களை நுண்ணோக்கியில் எண்ணி, ஒரு கிராமுக்கு இத்தனை என்று எழுதினால் ஏற்பார்களா?

பத்து மாவுங் அக்கா:
நைட்ரிக் அமிலம் வேண்டாம், தம்பி. அது சதையோடு நைலானையும் கரைத்துவிடும். மீன்பிடிக் கரையில் நைந்துபோன வலையிலிருந்து வரும் இழைகளே முதலில் காணாமல் போகும். 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் 40 டிகிரி செல்சியசில் இரண்டு நாள் வையுங்கள். நேரத்தைக் குறைக்க வெப்பத்தை ஏற்றினால் காரம் பாலியெஸ்டரை அரிக்கத் தொடங்கும்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது ஆய்வகக் காற்றுதான். நாம் உடுத்தும் துணியிலிருந்து உதிரும் இழையும் சிப்பிக்குள் இருந்த இழையும் நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே தெரியும். ஆகவே ஒவ்வொரு தொகுதியோடும் சிப்பி இல்லாத வெற்று மாதிரியை, அதே கரைசல், அதே வடிதாள், அதே மேசையில், அதே நேர அளவுக்குத் திறந்து வைத்து, முழுமையாகச் செய்யுங்கள். வெற்று மாதிரியின் எண்ணிக்கையைச் சொல்லாத எந்த முடிவையும் நான் நம்புவதில்லை. பருத்தி மேலங்கி அணியுங்கள். கண்ணாடிப் பாத்திரங்களைப் பயன்படுத்துங்கள். கரைசல்களையும் முன்னதாக வடிகட்டிவிடுங்கள்.

தஞ்சோங் வாசகர்:
சேற்றிலிருந்து நெகிழியை மிதக்கவைத்துப் பிரிக்கச் சாதாரண உப்புக் கரைசல் போதாது. அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.2 கிராம்தான், பாலிஎத்திலீன் மிதக்கும், ஆனால் 1.38 அடர்த்தியுள்ள பெட் (PET, குடிநீர்ப் புட்டிகளின் நெகிழி) மூழ்கிவிடும். துத்தநாகக் குளோரைடு கரைசலை அடர்த்தி 1.5க்கு மேல் வருமாறு கலக்கலாம். அது நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு என்பதால் கழுவுதொட்டியில் கொட்டாமல் வடிகட்டி மீண்டும் பயன்படுத்துங்கள்.

ஜூரு மாணவன்:
இருவருக்கும் நன்றி. நெகிழியை ஒளிரச் செய்யும் நைல் ரெட் சாயமிட்டு ஒளிர்வதை மட்டும் எண்ணலாமா, அக்கா?

பத்து மாவுங் அக்கா:
கரையாமல் எஞ்சும் கொழுப்பும் அந்தச் சாயத்தில் ஒளிரும். சந்தேகத் துகளைத் தேர்ந்தெடுக்க அது உதவும். நெகிழி என்று உறுதிசெய்ய, துகள் ஒளியோடு வினைபுரியும் விதத்திலிருந்து அதன் பொருளை அறியும் நிறமாலைச் சோதனை வேண்டும். நுண்ணோக்கியோடு இணைந்த அகச்சிவப்புக் கருவி ஏறத்தாழ 20 மைக்ரோமீட்டர் வரை சிறிய துகள்களையும், ராமன் நிறமாலைக் கருவி 1 மைக்ரோமீட்டர் வரை சிறிய துகள்களையும் அடையாளம் காட்டும். எந்த அளவுக்குக் கீழே நீங்கள் பார்க்கவில்லை என்பதையும் எழுதுங்கள். இல்லையேல் 300 மைக்ரோமீட்டர் கண்ணளவுள்ள வலையில் எடுத்த கடல்நீர் ஆய்வோடு உங்கள் எண்ணை யாராவது ஒப்பிட்டுவிடுவார்கள். எல்லாத் துகள்களையும் சோதிக்கக் கருவி நேரம் கிடைக்காவிட்டால், கண்ணில் படும் வண்ணத் துகள்களை மட்டும் பொறுக்காமல், வடிதாளைக் கட்டங்களாகப் பிரித்துக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுங்கள்.