புலி நகத்துலேர்ந்து கொக்கு அலகு: மணிக்கட்டு பிடிக்குது, வழி சொல்லுங்க

வணக்கம். இங்க ஹுங் கார் பழகினவங்க யாராவது இருக்கீங்களா? தென்சீனக் குவாங்டாங் குங்ஃபூ பாணி, ஃபோஷான் ஆசான் வோங் ஃபெய்-ஹுங் பேரோட சேர்த்துச் சொல்வாங்களே, அதேதான். அதுல புலி–கொக்குங்கற அசைவு வரிசையில மாட்டிக்கிட்டு முழிக்கிறேன்.

புலி நகம் பிரச்சினை இல்ல. விரல்களை மடக்கி, உள்ளங்கையை விரிச்சு, இடுப்புலேர்ந்து தள்ளினா பலம் தானா வருது. அடுத்த நொடியே அஞ்சு விரல் நுனியையும் சேர்த்து, மணிக்கட்டை வளைச்சுக் கொக்கு அலகா கொத்தணும் பாருங்க, அங்கதான் சுருக்குனு பிடிக்குது. புலிக்கு முறுக்கின முன்கை தளர மாட்டேங்குது. கொக்குக்கோ தளர்வுதான் உயிர்.

மூச்சை விட்டுக்கிட்டே கையைத் தளர்த்தணுமா, இல்ல தோள்லேர்ந்தே ஆரம்பிக்கணுமா? ஒத்தக்கால்ல நின்னு செய்யறப்போ இன்னும் மோசம். வோங்கோட சீடர் லாம் சாய்-விங் எழுதின புத்தகப் படங்களையும் பார்த்துட்டேன். நிலை தெளிவா தெரியுது, நடுவுல கை போற பாதை தெரியல.

தயவுசெஞ்சு "யூடியூப் பாரு"ன்னு சொல்லிடாதீங்க, அங்க ஆளுக்கொரு விதம். ஆசான்கிட்ட நேர்ல பழகினவங்க ரெண்டு வரி எழுதினா போதும். காலை அகட்டி, முட்டி மடக்கி நிக்கற குதிரை நிலையில தொடை நடுங்கறதை அடுத்த பதிவுல அழறேன்.