குடியாத்தம் சேவலும் அவலாஞ்சி மீனும்

பொங்கலுக்கு ஊட்டியிலிருந்து வந்த மாமா, வர்க்கிப் பொட்டலத்தோடு ஒரு பிடி தூண்டில் முட்களும் கொண்டுவந்தார். 14ஆம் எண் முள், விரல் நகத்தைவிடச் சிறியது. "தறியில் அறுந்த இழையை இமைக்கும் நேரத்தில் முடிகிறாயே மாப்பிள்ளை, எனக்கு நாலு மிதக்கும் ஈ கட்டிக் கொடு" என்றார்.

குடியாத்தத்தில் லுங்கித் தறியோடு வளர்ந்தவன் நான். ஏரியில் மண்புழு கோர்த்துக் கெளுத்தி பிடித்திருக்கிறேன், அவ்வளவுதான். மாமா பிடிப்பது ட்ரவுட். குளிர்ந்த நீரில்தான் அது வாழும். நம் வெயிலில் தாங்காது. வில்சன் என்ற ஆங்கிலேயர் 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பிறகே நீலகிரியில் அது நிலைத்ததாம். நீர்மேல் வந்து உட்காரும் பூச்சியை அது எழும்பிக் கவ்வும். அந்தப் பூச்சியைத்தான் நான் நூலாலும் இறகாலும் செய்ய வேண்டும்.

முதல் ஈயைக் கையில் இருந்த பருத்தி நூலிலும் கறிக்கடையில் கிடைத்த பிராய்லர் இறகிலும் கட்டினேன். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. தம்ளர் தண்ணீரில் போட்டதும் நூல் நீரைக் குடித்தது, இறகு துவண்டது, ஈ அடியில் போய்க் கிடந்தது. பிராய்லர் கோழி ஆறேழு வாரத்தில் கறியாகிவிடுகிறது; அதன் இறகுக்கு விறைப்பு ஏறக் காலம் ஏது?

பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் ஒரு வயது தாண்டிய நாட்டுச் சேவல் இருந்தது. குழம்புக்கு அறுத்த அன்று கழுத்து இறகுகளைக் கேட்டு வாங்கி வந்தேன். செம்பழுப்பு, விளக்கொளியில் மினுமினுத்தன. இறகின் நடுத்தண்டிலிருந்து இருபுறமும் கிளைக்கும் இழையான தூவியை விரலால் எதிர்த்துத் தடவினால் துள்ளித் திரும்பியது. அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது.

இம்முறை மெழுகு தடவிய பாலியெஸ்டர் நூல். முள்ளின் காதுக்குச் சற்றுப் பின்னிருந்து வளைவு வரை நெருக்கமாகச் சுற்றினேன். வாலுக்கு ஐந்தாறு தூவிகள், முள்ளின் தண்டு அளவே நீளம். முயல் முடியை நூலில் முறுக்கி உடம்பாக ஏற்றினேன். வால் பக்கம் மெலிந்து, முன்னே தடிக்க வேண்டும். பிறகு இறகைக் கட்டி, முள்ளைச் சுற்றி நெருக்கமாக ஐந்து சுற்று. தூவியின் நீளம், முள்ளின் தண்டுக்கும் கூர்முனைக்கும் இடையிலான முள்வாய் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு இருந்தால் போதும். காதருகே இடம் விடாமல் கட்டியதால் இரண்டு ஈக்கள் வீணாயின. காது அடைபட்டால் தூண்டில் நரம்பு கோர்க்க முடியாது. கடைசி முடிச்சில் மட்டும் எனக்குப் பழைய பழக்கம் கைகொடுத்தது: நூல் முனையை அதன் சுற்றுகளுக்கு அடியிலேயே புதைத்து இழுப்பது. அதன்மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு.

இரவு தம்ளரில் விட்ட ஈ காலையிலும் தூவி நுனிகளில் நின்றுகொண்டிருந்தது. நீர்ப்பரப்பு அதன் கீழே லேசாகக் குழிந்திருந்தது, உடம்பு நனையவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

நான்கையும் தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து மாமாவிடம் கொடுத்தேன். மீன்வளத் துறையில் அனுமதிச் சீட்டு வாங்கி அவலாஞ்சிக்குப் போனவர், அடுத்த முறை வந்தபோது அதே தீப்பெட்டியை நீட்டினார். உள்ளே ஒரு ஈ இருந்தது. வால் பாதி போயிருந்தது, இறகு மீனின் பல் பட்டுக் கலைந்திருந்தது. முடிச்சை நகத்தால் நெருடிப் பார்த்தேன். நெகிழவே இல்லை.