இன்ஜெக்டர் மாற்றியும் பிக்கப் மிஸ் அடிக்கிறது, நாளை மறுநாள் நெல் ஏற்ற வேண்டும்

டிஎன்50 லோடு:
வண்டி மூன்று வாரமாக மிஸ் அடிக்கிறது, எஞ்சின் சீராக ஓடாமல் தடுமாறுகிறது. டீசல் ஃபில்டர் இரண்டு தடவை மாற்றியாச்சு, ஏர் ஃபில்டர் மாற்றியாச்சு, போன வாரம் ஒரு இன்ஜெக்டரும் (சிலிண்டருக்குள் டீசல் பீய்ச்சுகிற பாகம்) புதிதாகப் போட்டு பதினெட்டாயிரம் போய்விட்டது, மிஸ்ஸிங் அப்படியே இருக்கிறது. பாலம் ஏறும்போது இழுக்காமல் உதறுகிறது. நாளை மறுநாள் நீடாமங்கலம் பக்கம் சம்பா அறுப்பு, கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எதனால் இருக்கும், அவசரமாகச் சொல்லுங்கள்.

நன்னிலம் டிரைவர்:
என்ன வண்டி, எந்த வருஷம், காமன் ரெயிலா (கம்ப்யூட்டர் இன்ஜெக்டரை இயக்குகிற டீசல் எஞ்சின்) பழைய பம்ப்பா? எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது? காலையில் ஸ்டார்ட் செய்ததும் மிஸ்ஸா, சூடான பிறகா? ஒன்றுமே சொல்லாமல் கேட்டால் எப்படி அண்ணே.

பாபநாசம் பச்சை:
எத்தனால்தான் காரணம். இப்போது 20 சதவீதம் கலக்கிறார்கள், என் பைக்கும் இப்படித்தான் திணறியது. டேங்கைக் காலி செய்துவிட்டு வேறு பங்கில் போடுங்கள்.

குடந்தை ஒர்க்‌ஷாப்:
20 சதவீதம் எத்தனால் பெட்ரோலில். அவர் ஓட்டுவது டீசல் வண்டி, முதல் வரியிலேயே டீசல் ஃபில்டர் என்று எழுதியிருக்கிறார். படித்துவிட்டுப் பதில் போடுங்கள். அடுத்து லோடுக்காரருக்கு: இருபத்திரண்டு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன், முதலில் பாகத்தை மாற்றிவிட்டு அப்புறம் காரணம் தேடுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். புது இன்ஜெக்டரின் கோடை ஈசியூவில் (எஞ்சின் கம்ப்யூட்டர்) ஏற்றினார்களா? காமன் ரெயிலில் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் தலையில் ஒரு எண் இருக்கும், அதை ஸ்கேனரில் எழுதாவிட்டால் டீசல் அளவு சரியாகப் போகாது. இது அடிப்படை.

டிஎன்50 லோடு:
1.5 டன் பிக்கப், 2018, பிஎஸ்4, 2.5 லிட்டர் நாலு சிலிண்டர் காமன் ரெயில். 1,90,000 ஓடியிருக்கிறது. கம்பெனி பெயர் வேண்டாம், வண்டி மேல் எனக்குக் குறை இல்லை. ஸ்கேனரில் பி0269 என்ற கோளாறுக் கோடு வந்தது, அதனால்தான் மூன்றாவது இன்ஜெக்டரை மாற்றினார்கள். இன்ஜெக்டர் கோடு ஏற்றினார்களா என்று தெரியவில்லை, கேட்கிறேன்.

கோட்டூர் டேங்க்:
டீசலில் தண்ணீர். பந்தயம் கட்டுகிறேன். அறுப்பு நேரத்தில் மெஷினுக்கு என்று கேனில் வாங்கி வைப்பீர்கள், பனிக்காலத்தில் பாதிக் கேனுக்குள் வேர்த்துத் தண்ணீர் அடியில் நிற்கும். ஃபில்டர் அடியில் உள்ள திருகைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள், தண்ணீர் தனியாக அடியில் இறங்கும்.

டிஎன்50 லோடு:
கேன் டீசல்தான் ஊற்றினேன், அதைச் சொல்ல மறந்துவிட்டேன். பாட்டிலில் பிடித்துப் பார்த்தாச்சு, சுத்தமாக இருக்கிறது.

குடந்தை ஒர்க்‌ஷாப்:
தண்ணீர் இருந்தால் நாலு சிலிண்டரும் சேர்ந்து அடி வாங்கும். பி0269 என்பது மூன்றாவது சிலிண்டர் மட்டும் தன் பங்கு வேலையைச் செய்யவில்லை என்று சொல்கிற கோடு. ஒரு சிலிண்டர் நோய்க்கு டேங்கில் மருந்து தேடாதீர்கள். அதோடு, மூன்றாவது என்று எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினார்கள்? ரேடியேட்டர் பக்கம்தான் ஒன்று. கேபின் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதை மாற்றிவிட்டு வந்த வண்டிகள் உண்டு.

வெண்ணாற்றங்கரை:
தம்பி, இரண்டு விஷயம் சொல்லுங்கள். மிஸ் ஆகும்போது புகை என்ன நிறம்? அப்புறம், மிஸ் எப்போதும் இருக்கிறதா, விட்டு விட்டு வருகிறதா? வேறு கோடு ஏதாவது வந்ததா?

நன்னிலம் டிரைவர்:
எத்தனை சிப்பம் (நெல் மூட்டை) ஏற்றுகிறீர்கள்?

டிஎன்50 லோடு:
55.

நன்னிலம் டிரைவர்:
40 கிலோ சிப்பம் 55 என்றால் 2,200 கிலோ. 1.5 டன் வண்டியில். காரணத்தைக் கேட்க வேண்டியதே இல்லை.

கோட்டூர் டேங்க்:
நன்னிலத்தாருக்கு நெல் விளைகிற ஊர் நிலவரம் தெரியாதா? நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறபோதே கொண்டுபோய் இறக்கவேண்டும், இரவில் பனி பெய்தால் மறுபடி ஏறிவிடும், மறுபடி களத்தில் பரப்பிக் காயவைக்க வேண்டும். ஒரே நடையில் முடிந்தால் விவசாயிக்கு வாடகை ஒன்று மிச்சம். ஏற்றாமல் என்ன செய்வது?

நன்னிலம் டிரைவர்:
விவசாயி கஷ்டம் எனக்கும் தெரியும், என் அப்பா அதே களத்தில் நின்றவர்தான். அதற்காக பிரேக் பிடிக்காமல் வாய்க்காலில் இறங்கினால் யார் வந்து தூக்குவது? போன வருஷம் கரை ரோட்டில் ஒரு வண்டி பின் ஆக்சில் உடைந்து நின்றதை நேரில் பார்த்தேன். டயர் பிதுங்கி ரப்பர் வாசனை அடித்தது. 37 சிப்பத்துக்கு மேல் ஏற்றாதீர்கள், இரண்டு நடை அடியுங்கள்.

பாபநாசம் பச்சை:
இரண்டு நடைக்கு டீசல் யார் தருவார்?

குடந்தை ஒர்க்‌ஷாப்:
லோடு சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதிக பாரத்தால் கிளட்ச் தேயும், எஞ்சின் சூடாகும், ஒரு சிலிண்டர் மட்டும் அணையாது. காரணம் கோடு ஏற்றாததுதான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

டிஎன்50 லோடு:
இன்று மன்னார்குடியில் ஸ்கேனர் போட்டுப் புது இன்ஜெக்டர் கோடை ஏற்றியாச்சு. ரேடியேட்டர் பக்கத்திலிருந்துதான் எண்ணியிருக்கிறார்கள், சரியான இன்ஜெக்டர்தான். வரும் வழியில் கரை ரோட்டில் மறுபடி மிஸ். புகை எதுவும் இல்லை. விட்டு விட்டுத்தான் வருகிறது, நின்ற இடத்தில் சில நேரம் சரியாக ஓடும். முதல் தடவை பி0203 என்று இன்னொன்றும் வந்தது, பழையது என்று மெக்கானிக் அழித்துவிட்டார்.

வெண்ணாற்றங்கரை:
தம்பி, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் உங்கள் பதினெட்டாயிரம் தப்பியிருக்கும். பி0203 என்றால் மூன்றாவது இன்ஜெக்டரின் மின்சார சர்க்யூட்டில் கோளாறு. புகை இல்லை என்பதும் அதையே சொல்கிறது. கம்ப்ரஷன் போயிருந்தாலோ நாசில் ஒழுகினாலோ டீசல் உள்ளே போய் எரியாமல் வெள்ளைப் புகையாக, கண் எரிகிற வாசனையோடு வரும். உங்களுக்கு அந்தச் சிலிண்டருக்கு டீசலே போகவில்லை. கரை ரோட்டில் குலுங்கும்போது வருகிறது, நின்றால் போகிறது. வயரைப் பாருங்கள். வண்டி ராத்திரி எங்கே நிற்கிறது?

டிஎன்50 லோடு:
வீட்டுக் கொல்லையில், வைக்கோல் போர் பக்கத்தில். ஏன்?

வெண்ணாற்றங்கரை:
எஞ்சின் மேல் மூடியைக் கழற்றினபோது உள்ளே ஏதாவது இருந்ததா?

டிஎன்50 லோடு:
கொஞ்சம் உமியும் வைக்கோல் துணுக்கும் கிடந்தது. நெல் ஏற்றுகிற வண்டியில் அது இருக்கத்தானே செய்யும், ஊதிவிட்டுவிட்டோம்.

வெண்ணாற்றங்கரை:
நெல் ஏற்றுவது பின்னால். மூடிக்குள் உமி தானாகப் போகாது, எலி கொண்டுவந்து வைத்தது. அறுப்பு முடிந்த வயலிலிருந்து எலி எல்லாம் இப்போது வைக்கோல் போருக்கு வந்துவிடும், ராத்திரி எஞ்சின் சூடு அதற்குச் சுகம். இன்ஜெக்டர் வயர் போகிற கறுப்புக் குழாயை கிளாம்ப் உட்பட முழுக்கப் பிரித்துப் பாருங்கள். மேலே பார்த்தால் தெரியாது, அடிப்பக்கம்தான் கடித்திருக்கும். ஒரு எச்சரிக்கை: எஞ்சின் ஓடும்போது அந்த வயரைக் கையால் தொடாதீர்கள், இன்ஜெக்டரைத் திறக்க ஈசியூ 12 வோல்ட்டைவிடப் பல மடங்கு அனுப்பும். காய்ந்த மூங்கில் குச்சியால் ஒவ்வொரு இடமாக அசையுங்கள், எந்த இடத்தில் மிஸ் வந்து போகிறதோ அங்கேதான். அப்புறம் எஞ்சினை நிறுத்தி பேட்டரியைக் கழற்றிவிட்டு ஈசியூ கப்ளரிலிருந்து (வயர் இணைப்பு) இன்ஜெக்டர் கப்ளர் வரை மீட்டர் வைத்து, வயரை ஆட்டிக்கொண்டே பாருங்கள். யார் சொன்னாலும் ஹை பிரஷர் பைப் நட்டை மட்டும் ஓடும்போது தளர்த்தாதீர்கள், பழைய பம்ப் வண்டியில் செய்வது போலக் காமன் ரெயிலில் செய்தால் தோலைத் துளைத்துக்கொண்டு டீசல் உள்ளே போகும், கையே போய்விடும்.

குடந்தை ஒர்க்‌ஷாப்:
வயரிங் இருக்கலாம், மறுக்கவில்லை. பி0203 வந்த விஷயத்தை மறைத்தால் யாராலும் சொல்ல முடியாது. வெட்டு இருந்தால் முறுக்கி டேப் சுற்றாதீர்கள், ஈயம் வைத்து ஹீட் ஸ்லீவ் போடுங்கள். டேப் சூட்டில் பிசுபிசுத்துக் கழன்றுவிடும்.

கோட்டூர் டேங்க்:
எலிக்கு மருந்து வைத்தால் வண்டிக்குள்ளேயே செத்து நாறும், வீட்டு நாய் தின்றால் அதுவும் போச்சு. போருக்குப் பக்கத்தில் கிட்டி (மூங்கில் எலிப்பொறி) வையுங்கள், எங்கள் ஊரில் கிட்டி வைக்கிறவர்கள் ஒரு ராத்திரியில் பத்துப் பதினைந்து பிடிப்பார்கள்.

பாபநாசம் பச்சை:
வயலோரம் தென்னை மட்டையை நட்டு வைத்தால் ஆந்தை வந்து உட்காரும், செலவே இல்லை.

நன்னிலம் டிரைவர்:
ஆந்தை கொல்லைக்கு வந்து வண்டியைக் காக்காது. முதலில் போரிலிருந்து வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள், ராத்திரி பானட்டைத் திறந்தே வைக்கட்டும், இருட்டும் கதகதப்பும் இல்லாவிட்டால் எலி கூடு கட்டாது.

நன்னிலம் டிரைவர்:
லோடு அண்ணே, என்ன ஆச்சு? நேற்று அறுப்பு என்றீர்களே.

டிஎன்50 லோடு:
வேலையில் இருந்தேன், மன்னிக்கவும். கிளாம்புக்குக் கீழே மூன்றாவது இன்ஜெக்டர் வயர் ஒன்று பாதிக்கு மேல் கடித்திருந்தது, நாலைந்து இழைதான் ஒட்டிக்கொண்டிருந்தது, செம்பு பச்சை பூத்துப் போயிருந்தது. ஈயம் வைத்து ஸ்லீவ் போட்டாச்சு. இரண்டு நடை, 36 சிப்பம் வீதம், மிஸ் இல்லை. வெண்ணாற்றங்கரை அண்ணனுக்கு நன்றி.

வெண்ணாற்றங்கரை:
சந்தோஷம் தம்பி. பக்கத்து வயர்களிலும் பல் பட்டிருக்கிறதா என்று பார்த்தீர்களா? பழைய இன்ஜெக்டரைத் தூக்கிப் போடாதீர்கள், அது நல்லதாகத்தான் இருக்கும். ஒரு தடவை டெஸ்ட் பெஞ்சில் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்து வையுங்கள்.

குடந்தை ஒர்க்‌ஷாப்:
அதைத் திரும்பப் போட்டால் பழைய கோடைத்தான் ஏற்ற வேண்டும்.