ரெட்டையா எண்ணித் தொலைக்கிற காம்பினேஷன் கணக்கு: உங்க அனுபவத்தையும் போடுங்க

ட்யூஷன் சார்:
இன்ஜினியரிங் செகண்ட் இயர் பசங்களுக்கு டிஸ்க்ரீட் மேத்ஸ் எடுக்கறேன். லாஜிக், கிராஃப் எல்லாம் எப்படியோ ஓட்டிடுவாங்க, எத்தன விதம்னு எண்ணற காம்பினேட்டரிக்ஸ் வந்தா மட்டும் மூஞ்சி மாறிடும். n பேர்ல r பேர எடுக்க எத்தன வழின்னு சொல்ற என்சிஆர் (nCr) ஃபார்முலா தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வாங்க, மாட்டறது "குறைஞ்சது ஒருத்தர்"னு வர்ற எடத்துலதான்.

6 ஆண், 4 பெண், அதுல 4 பேர் கமிட்டி, குறைஞ்சது ஒரு பெண் இருக்கணும். வருஷா வருஷம் யாராவது ஒருத்தன், மொதல்ல ஒரு பெண்ண எடுத்துடுவோம் சார் அது 4 வழி, மிச்ச 9 பேர்ல 3 பேரு 84 வழி, ஆக 336னு போட்டுட்டு நிமிர்ந்து பாப்பான். நான் தப்புன்னு சொல்றதில்ல, கண்டிஷனே இல்லாம 10 பேர்ல 4 பேர எடுக்க எத்தன வழிடான்னு மட்டும் கேப்பேன். 210. கண்டிஷன் போட்டா குறையணுமே, எப்படி சார் ஏறுச்சுன்னு அவனே முழிப்பான்.

அப்புறம்தான் போர்டுக்கு வருவேன். கமலாவ மொதல்ல எடுத்து விமலா மிச்சத்துல வந்தாலும், விமலாவ மொதல்ல எடுத்து கமலா மிச்சத்துல வந்தாலும் கமிட்டி ஒண்ணுதான், நீ ரெண்டா எண்ணிட்ட. மூணு பெண் இருந்தா மூணு தடவ, நாலு பேரும் பெண்ணா இருந்தா நாலு தடவ. 80 + 90 + 24 + 1 = 195 வரவேண்டியது 80 + 180 + 72 + 4 = 336 ஆனது இப்படித்தான். மொத்தத்துல இருந்து பெண்ணே இல்லாத 15ஐ கழிச்சா ரெண்டே வரில 195 வந்துடும், ஆனா அத நேரா சொல்லிக்குடுத்தா அடுத்த கணக்குல மறுபடி அதே 336 வேலையத்தான் பண்ணுவாங்க.

கேட் பிரிப்பரேஷன்ல இருக்கேன்:
சார் சொன்னது 100% உண்மை. நான் சந்தேகம் வந்தா பைத்தான்ல இட்டர்டூல்ஸ்ங்கற ரெடிமேட் டூல் வெச்சு எல்லா கமிட்டியயும் லிஸ்ட் எடுத்து எண்ணிப் பாத்துடுவேன், பரீட்சைல அது முடியாது சரி, ஆனா வீட்டுல பழகும்போது எது ரெண்டு தடவ வந்துச்சுன்னு கண்ணால பாக்கலாம். 1ல இருந்து 250 வரைக்கும் 2, 3, 5, 7ல ஏதாவது ஒண்ணால வகுபடற நம்பர் எத்தனைன்னு ஒரு கொஸ்டின் அடிக்கடி கண்ல படும், தனித்தனியா வகுபடறது 293, ரெண்டு ரெண்டா சேத்து 117, மூணு மூணா 18, நாலாலயும் 1, ஆக 293 − 117 + 18 − 1 = 193. அந்தக் கூட்டல் கழித்தல் ஏன் மாறி மாறி வருதுன்னு 30ங்கற ஒரே ஒரு நம்பர புடிச்சு எத்தன தடவ எண்ணப்படுதுன்னு பாத்தப்பதான் புரிஞ்சுது. மொதல்ல 2, 3, 5க்கு 3 தடவ, அப்புறம் ஜோடிகள கழிக்கும்போது 3 போச்சு, அப்புறம் மூணும் சேந்தத கூட்டும்போது 1 வந்துச்சு, அவ்ளோதான்.

பேங்க் எக்ஸாம் பையன்:
மிஸ்ஸிஸிப்பி எந்தப் பக்கம் ஓடுதுன்னு தெரியாது, அதோட இங்கிலீஷ் எழுத்த (MISSISSIPPI) 34650 விதமா மாத்தி எழுதலாம்னு மட்டும் நல்லா தெரியும் 😂

ஐடில குப்பை கொட்டறவன்:
எங்க டீம்ல வருஷ கடைசில சீட்டு குலுக்கி கிஃப்ட் குடுப்போம், எப்பவும் யாராவது தன் பேரையே எடுத்துத் தொலைவாங்க, திரும்பக் குலுக்கணும். யாருக்கும் தன்னோடதே வராம கலைக்க எத்தன விதம்னு எண்ணற டிரேஞ்ச்மெண்ட் படிச்சது ஞாபகம் வந்து போட்டுப் பாத்தேன். 5 பேர்னா 120ல 44 விதத்துலதான் யாருக்கும் தன் பேர் வராது, அதாவது 37% கிட்ட. 10 பேர் ஆனாலும் அதே 37%, 50 பேர் ஆனாலும் அதேதான், 1/இ (இ-ங்கறது 2.718 சொச்சம்) பக்கத்துலயே நின்னுடுது. ஆள் கூடினா தப்பிச்சிடலாம்னு நெனச்ச எங்க மேனேஜர் இத நம்பவே இல்ல. இப்பல்லாம் பேர கலைச்சு வட்டமா எழுதிட்டு அடுத்த ஆளுக்குக் குடுங்கன்னு சொல்லிடறோம், ஒரே குலுக்கல்ல வேல முடிஞ்சுது.