'ப்ரோச்சிங்': குறுக்குவீச்சு என்று வைத்துக்கொள்ளலாமா?

அன்புள்ள குழுவினருக்கு, மதுரையிலிருந்து வணக்கம்.

நம் படகுப் பாதுகாப்புக் கையேட்டில் 'ப்ரோச்சிங்' (broaching), அதாவது பின்னால் வரும் அலை தள்ளிப் படகு சட்டென்று அலைக்குக் குறுக்கே திரும்பிவிடுவது, என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். 'பக்கவாட்டுக் கவிழ்வு' போதும் என்று சென்னை நண்பர் முடித்துவிட்டார். எனக்கு உடன்பாடில்லை. கவிழ்வது விளைவு. அதற்கு முந்தைய சில நொடிகளுக்குத்தான் படகோட்டிக்குப் பெயர் வேண்டும். கவிழ்ந்த பிறகு அவருக்குக் கலைச்சொல் எதற்கு? லைப் ஜாக்கெட்தான் வேண்டும்.

நடப்பது இதுதான். பின்னாலிருந்து அலை வருகிறது. முகட்டுக்கு முகடு 20 மீட்டர் இருந்தால் அந்த அலை மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் ஓடும். அவுட்போர்டு எஞ்சினைப் பின்னால் வெளிப்புறமாக மாட்டிய பைபர் படகும் அந்த வேகத்தில் போகக்கூடியது. அதனால் அலையின் முன்சரிவிலேயே தங்கிச் சறுக்கத் தொடங்குகிறது. முகட்டு நீர் அலையோடு முன்னே நகரும். பள்ளத்து நீர் அதற்கு எதிராக நகரும். அணியம், அதாவது படகின் முன்தலை, பள்ளத்தில் புதைந்து தடைபடுகிறது. பின்பக்கமான அமரத்தை முகடு தள்ளுகிறது. முன்னால் தடை, பின்னால் தள்ளல்: படகு சுழன்று அலைக்குக் குறுக்கே கிடக்கிறது. புரொப்பெல்லர் நுரையில் வெறுமனே சுற்றுவதால் கைப்பிடியை எவ்வளவு திருப்பினாலும் படகு கேட்காது. அடுத்த அலை விலாவில் அடிக்கும்.

எனவே பின்பக்கம் வீசப்படுவதும் படகு குறுக்கே வருவதும் சொல்லில் இருக்க வேண்டும். 'அமரவீச்சு' என்றுதான் முதலில் யோசித்தேன். அமரர் ஊர்தியை நினைவூட்டும் சொல்லைப் பாதுகாப்புக் கையேட்டில் வைப்பது வம்பு. 'அலைத்திருகல்' அழகாக இருக்கிறது. ஆனால் திருகுவது அலையா, படகா? 'குறுக்குவீச்சு' என்கிறேன். 'படகு குறுக்கே வீசப் பார்க்கிறது' என்று வினையாகவும் வரும். எஞ்சின் இரைச்சலில் கத்திச் சொல்லவும் முடியும்.

இயற்பியல் பாடநூலில் 'வீச்சு' வேறொன்றைக் குறிக்கிறதே என்று கேட்பீர்கள். குறிக்கட்டும். எங்கள் ஊரில் வீச்சு என்றால் முதலில் பரோட்டாதான் நினைவுக்கு வரும். அதனால் எந்த மாணவரும் தேர்வில் தவறியதில்லை.

தெப்பக்குளத்துக்காரருக்குக் கடல் எதற்கு என்று ஒருவர் எழுதியிருந்தார். வைகை போய்ச் சேருவது பாக் விரிகுடாவில்தான் ஐயா. தண்ணீர் மிஞ்சினால்.

மாதிரி வாக்கியம்: 'அலை பின்னாலிருந்து வரும்போது வேகத்தைக் குறைத்து அலையின் முதுகிலேயே வரவும். முகட்டைத் தாண்டி முன்சரிவில் இறங்கினால் குறுக்குவீச்சு ஏற்படலாம்.'

- - -

ஐயா, வணக்கம். ராமநாதபுரத்திலிருந்து எழுதுகிறேன்.

சொல் பிடித்திருக்கிறது. வாடைக் காலத்தில் ராமேசுவரம், மண்டபம் வடகரைக்குத் திரும்பும் படகுக்கு இந்தத் தொல்லை அதிகம். காற்று வடகிழக்கிலிருந்து அடிப்பதால் அலை முதுகுப்புறம்தான் வரும். பாக் விரிகுடா ஆழமற்றது. அதனால் அலைகள் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழும்.

ஆனால் 'வேகத்தைக் குறைத்து' என்பதோடு நிறுத்தாதீர்கள். படித்தவர் முகட்டின் மேல் இருக்கும்போது பயந்து திராட்டிலை, அதாவது எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடியை, முழுவதும் மூடிவிடுவார். அவுட்போர்டு படகில் தனியாகச் சுக்கான் கிடையாது. எஞ்சின் தள்ளினால்தான் படகு திரும்பும். மூடினால் திருப்பமும் போகும், பின்னால் வரும் அலை அமரத்தின் மேல் ஏறித் தண்ணீரையும் கொட்டும். முன்கூட்டியே குறைக்க வேண்டும், எஞ்சினை இழுவையிலேயே வைத்திருக்க வேண்டும். வலை, ஐஸ் பெட்டி போன்ற பாரம் அணியத்தில் இருந்தால் சற்றுப் பின்னே நகர்த்த வேண்டும். எஞ்சினை நிறுத்தும் கயிறு ஓட்டுபவரின் மணிக்கட்டில் இருப்பது கட்டாயம். அவர் தூக்கி எறியப்பட்டால் ஆளில்லாத படகு அவரையே சுற்றி வரும்.

கையேட்டில் எதிரலையைப் பற்றிய பக்கத்தில் 'அலையை நேராக எதிர்கொள்ளவும்' என்று இருக்கிறது. சிறு படகு நேராக மோதினால் முகட்டிலிருந்து அப்படியே கீழே விழுந்து அடிவயிறு பிளந்துவிடும். 30 முதல் 45 பாகை சாய்வாக ஏறி, முகடு நெருங்கும்போது திராட்டிலைத் தளர்த்துவதே முறை.

- - -

தம்பி, பாரத்தையும் கயிற்றையும் சேர்த்துவிடுகிறேன். 'இழுவையிலேயே' என்ற சொல்லை மட்டும் மாற்றுவேன். இழுவைப்படகு என்றால் மடிவலை இழுக்கும் படகு என்று எல்லோரும் புரிந்துகொள்கிறார்கள். 'எஞ்சின் கியரில் இருக்கட்டும்' என்றே எழுதலாம். கியருக்கு யாரும் தமிழ் கேட்கப்போவதில்லை.

சென்னை நண்பருக்கு ஒன்று. 'பக்கவாட்டுக் கவிழ்வு' வீணாகாது. அணியம் குத்தி, அமரம் தலைக்கு மேலே புரண்டு கவிழ்வதற்கும் அடுத்த பக்கத்தில் ஒரு சொல் தேவைப்படுகிறது. அதை 'முன்குத்திக் கவிழ்வு' என்றால் உங்கள் சொல் அதற்கு இணையாக நிற்கும். மறுப்பு இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது.